காதுக்கு எதற்கு இன்னொரு பெட்டி?

பையன் புது ஹெட்போன் வாங்கி வருகிறான். மறுநாளே, "அப்பா, இதற்கு ஓர் ஆம்பிளிபயரும் வேண்டும்" என்கிறான். வாங்கித் தரலாமா?

இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆம்பிளிபயர் என்ன செய்கிறது? செல்போனில் இருந்து வரும் மின் அலைக்குப் பலம் கொடுக்கிறது. அவ்வளவுதான்! மட்டமான ஹெட்போனை அது உயர்ந்த ஹெட்போன் ஆக்கிவிடாது. அந்தப் பணத்தையும் சேர்த்து நல்ல ஹெட்போனாக வாங்கினால், வித்தியாசம் காதுக்கே தெரியும்.

ஹெட்போன் வந்த அட்டைப் பெட்டியைப் பாருங்கள். "32 ஓம்" என்பது போல ஏதாவது எழுதியிருக்கும். மின்சாரத்துக்கு ஹெட்போன் காட்டும் தடையின் அளவு அது. 16, 32 என்று இருந்தால், பெரும்பாலும் செல்போனின் பலமே போதும்.

சென்ஹைசர் கம்பெனியின் எச்.டி. 600 வேறு ரகம். அதற்கு 300 ஓம்! செல்போனில் மாட்டினால் சத்தம் மெலிந்து போகலாம். அதற்கு ஆம்பிளிபயர் கேட்டால் நியாயம் உண்டு. ஆனால், இப்போதுதான் பாட்டுக் கேட்கத் தொடங்கும் பையனுக்கு அந்த ஹெட்போன் எதற்கு?

கம்பி இல்லாத புளூடூத் ஹெட்போன் என்றால் பேச்சே இல்லை. அதற்குள்ளேயே குட்டி ஆம்பிளிபயர் இருக்கிறது.

இன்னொன்றையும் பெற்றோர் யோசிக்க வேண்டும். 80 டெசிபல் சத்தத்தை வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால்? வெறும் 4 மணி நேரம்தான்!

கையில் ஆம்பிளிபயர் இருந்தால் பையன் திருகாமல் இருப்பானா? காதுக்குள் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச் செல்கள் உள்ளன. அவை செத்தால் மீண்டும் முளைப்பதில்லை.