ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணி?

போன மாசம் மாமாவோட பழைய டீசல் காரில் ஊட்டிக்குக் கிளம்பினோம். கல்லாறு தாண்டி பர்லியார் வருவதற்குள் ஹீட் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரமாக நிறுத்தி பேனட்டைத் தூக்கியதும் மாமா நேராக ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். நல்லவேளை, பிடித்து இழுத்தேன். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரி தாண்டியும் தண்ணி கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அத்தனையும் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

நன்றாக ஆறிய பிறகு திறந்தால், உள்ளே டீ டிக்காஷன் கலரில் துருத் தண்ணி! "கூலன்ட் எதுக்கு மாப்ளே? நம்மூர்ல என்ன ஐஸா கட்டுது? நான் போர் தண்ணிதான் ஊத்தறது" என்றார்.

இது மாமா மட்டும் சொல்வதல்ல. எங்கள் பக்கம் பாதிப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். கூலன்ட்டுக்கு வெளிநாட்டில் 'ஆன்டிஃப்ரீஸ்' என்று பெயர் வைத்ததால் வந்த வினை. பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, சரி, அது கோயமுத்தூருக்குத் தேவையில்லை. ஆனால் கொதிநிலையும் ஏறுகிறது. அதைவிட முக்கியம், அதில் இருக்கும் துருத் தடுப்பு மருந்து. அது நாளாக நாளாகத் தீர்ந்துவிடும். அதனால்தான் குறைந்த அளவுக்கு ஊற்றினால் போதாது, முழுசாக வடித்து மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

நம்ம போர் தண்ணியோ உப்புத் தண்ணி. வாட்டர் ஹீட்டரில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். சிறுவாணித் தண்ணி தேவலாம், ஆனால் அதுவும் துருவைத் தடுக்காது. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர்தான் கலக்கச் சரி.

மாமாவின் பழக்கம் தோட்டத்து ஆயில் எஞ்சினில் இருந்து வந்தது என்று நினைக்கிறேன். அங்கே கிணற்றுத் தண்ணியே எஞ்சினைச் சுற்றி ஓடி வாய்க்காலுக்குப் போய்விடும், எப்போதும் புதுத் தண்ணி. காரில் அதே நாலைந்து லிட்டர்தான் வருஷக்கணக்கில் சுற்றுகிறது. பாய்மரப் படகு எஞ்சின்களில்கூடப் பலவற்றில் உள்ளே கூலன்ட் தனியாகச் சுற்ற, கடல்தண்ணி வெளியே ஓடிச் சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போகும். (கோவையில் உட்கார்ந்துகொண்டு படகைப் பற்றிப் பேசுகிறான் என்று சிரிக்காதீர்கள் :-))

ஊர் திரும்பி பட்டறையில் விட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. எங்கள் வண்டியில் வடித்தது துருத் தண்ணி, போகட்டும். பக்கத்து வண்டியின் பச்சைக் கூலன்ட்டும் அதே சாக்கடைக்குள் போனது. கேட்டால், "தண்ணி தானுங்க தம்பி!"

தண்ணி இல்லைங்க. பெரும்பாலான கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருக்கும், நாய் நக்கும், கன்னுக்குட்டியும் நக்கும். உடம்புக்குள் அது ஆக்சலேட் படிகங்களாக மாறிச் சிறுநீரகத்தை அடைத்துவிடும். ஒரு நாயைக் கொல்லக் கொஞ்சம் போதும்.

அதே பட்டறையில் பழைய எஞ்சின் ஆயிலை ஒரு சொட்டு சிந்தாமல் பேரலில் சேர்க்கிறார்கள். ஏன்? அதை வாங்க ஆள் வருகிறான். பழைய கூலன்ட்டை யாரும் வாங்குவதில்லை, அதனால் சாக்கடை. விற்கிற கம்பெனிகளே காலி கேனில் பழசைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. புதுசுக்கு ஐந்து பத்து ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

அதுவரை நாம் செய்யக்கூடியது, கீழே ஒரு தட்டு வைத்துப் பிடித்து, மூடியுள்ள கேனில் ஊற்றி எட்டாத இடத்தில் வைப்பதுதான். உங்கள் ஊரில் அதை வாங்கிக்கொள்கிற பட்டறை ஏதாவது இருந்தால் சொல்லுங்களேன்.