சத்தத்தைக் கேட்க எவ்வளவு சார்?

உங்கள் கார் பானெட்டுக்குள் எப்போதாவது குருவி குடித்தனம் நடத்தியிருக்கிறதா? என் காரில் நடத்தியது. காலையில் ஸ்டார்ட் செய்தால் போதும்... ‘கீச்... கீச்... கீச்...’! எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அந்தச் சத்தத்தைக் கேட்டே கேட்டைத் திறக்க ஆரம்பித்துவிட்டார்.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஏசி ஹால், ஓசி காபி, டை கட்டிய அட்வைசர். பானெட்டைத் திறக்காமலே, “ஃபேன் பெல்ட் சார், மாத்திடலாம்” என்றார். மாற்றினார்கள். மூன்று நாள் நிம்மதி. நாலாம் நாள் குருவி திரும்பி வந்தது. “அப்ப டென்ஷனர் சார்.” அதையும் மாற்றினார்கள். மறுநாளே கீச்! “செட் ஆகக் கொஞ்சம் டைம் எடுக்கும் சார்” என்றார்கள். எடுக்கவில்லை. அப்புறம் ஐட்லர் புல்லி. நான்காவது முறை போனபோது அதே புன்னகையோடு சொன்னார்: “ஆல்டர்னேட்டரையே மாத்திப் பாத்துடலாம் சார்!”

மாத்திப் பாத்துடலாம்... இந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. யார் காசில், யார், எதை மாற்றிப் பார்ப்பது?

கொஞ்சம் பானெட்டைத் திறந்து பார்ப்போம், வாருங்கள். எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு ரப்பர் பெல்ட் ஓடுகிறது. ‘ஃபேன் பெல்ட்’ என்பது அம்பாசிடர் காலத்துப் பெயர். இன்றைக்குப் பெரும்பாலான கார்களில் ரேடியேட்டர் ஃபேனுக்குத் தனி மோட்டார் வந்துவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை. எஞ்சின் சுற்றும் வேகத்தை வாங்கி ஆல்டர்னேட்டரையும் ஏசி கம்ப்ரசரையும், சில வண்டிகளில் வாட்டர் பம்ப்பையும் சுற்றவைப்பது இதன் வேலை. உள்பக்கம் நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். அந்த வரிகள் புல்லியில் இருக்கும் வரிகளில் நேராக உட்கார வேண்டும்.

உட்காராவிட்டால் சத்தம். அதிலும் இரண்டு ஜாதி உண்டு. இழுவை குறைந்து பெல்ட் வழுக்கினால், ‘க்ரீ...ச்’ என்று ஒரே இழுப்பாக அலறும். ஸ்டார்ட் செய்ததும் ஆல்டர்னேட்டருக்கு பாரம் அதிகம் என்பதால் அப்போது நன்றாகவே கேட்கும். புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் ஒன்று மட்டும் துளி விலகி நின்றால், தாளம் போட்டதுபோல விட்டு விட்டு வரும். எஞ்சின் வேகம் கூடக்கூட தாளமும் துரிதமாகும். எது என்று பிரிக்க லேப்டாப் வேண்டாம். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். சத்தம் கூடினால் இழுவைக் கோளாறு. அடங்கி, காய்ந்ததும் திரும்ப வந்தால் புல்லி நேராக இல்லை. பெல்ட் கம்பெனிகளே சொல்லித்தரும் சோதனை இது. (நீங்கள் செய்து பார்க்காதீர்கள். ஓடுகிற பெல்ட் விரலையும் துப்பட்டாவையும் விடாது. டை கட்டியவர்கள் கிட்டவே போகக் கூடாது. அதனால்தான் அட்வைசர் போகவில்லையோ என்னவோ!)

ஆல்டர்னேட்டர் எஸ்டிமேட்டைப் பார்த்துப் பயந்து, பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் எதையும் கழற்றவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்: “இதுக்கு முன்னாடி யாராச்சும் இதுல கை வெச்சாங்களா சார்?” பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. இரண்டு மாதம் முன்பு பிரஷ் மாற்ற ஆல்டர்னேட்டரைக் கழற்றியிருந்தார்கள். எங்கே? அதே சர்வீஸ் சென்டரில்! சத்தம் தொடங்கியது அதற்கு அடுத்த வாரம்.

குடிக்கிற தண்ணீர் பாட்டிலையே எடுத்து மூடியில் ஓட்டை போட்டுப் பீய்ச்சினார். குருவி அடங்கியது, அரை நிமிஷத்தில் மறுபடி கூவியது. எஞ்சினை அணைத்து, ஒரு ஸ்டீல் ஸ்கேலைப் புல்லிகள் மேல் சாய்த்தார். ஆல்டர்னேட்டர் புல்லி மட்டும் ஸ்கேலைத் தொடாமல் உள்ளே ஒதுங்கி நின்றது. பிராக்கெட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டிய வாஷர் இல்லை. திரும்ப மாட்டும்போது யாரோ மறந்திருக்கிறார்கள். ஒரு வாஷர் போட்டார். சத்தம் போச்சு.

“எவ்வளவு?”

“ஐந்நூறு குடுங்க சார்.”

இங்கேதான் நான் தலைகுனிய வேண்டும். “ஒரு வாஷர்தானே போட்டீங்க, ஐந்நூறா?” என்று கேட்டேன். அவர் சண்டை போடவில்லை. முந்நூறு வாங்கிக்கொண்டார். பழுதே இல்லாத மூன்று பாகங்களுக்கு 11,400 ரூபாயை முகம் சுளிக்காமல் கார்டில் தேய்த்தவன், பழுதைக் கண்டுபிடித்தவரிடம் 200 ரூபாய் பேரம் பேசியிருக்கிறேன்.

சர்வீஸ் சென்டர் மேனேஜரிடம் போய்ச் சத்தம் போட்டபோது அவர் கேட்டதும் இதைத்தான். “ஒரு மணி நேரம் தேடினோம், எதையும் மாத்தலை, எண்ணூறு ரூபாய்னு பில் போட்டா குடுப்பீங்களா சார்?” கொடுத்திருக்க மாட்டேன். டாக்டர் ஒரு மாத்திரை எழுதாமல் ‘ஒண்ணுமில்லை, போங்க’ என்றாலும் ஃபீஸ் வைத்துவிட்டு வருகிற நாம், மெக்கானிக்கின் காதுக்கும் மூளைக்கும் சல்லிக்காசு தரமாட்டோம். அவர்கள் பில்லிலும் அதற்கு ஒரு வரி கிடையாது. பாகம் ஒரு வரி, மாற்றிய கூலி ஒரு வரி. யோசித்தவனுக்கு எதுவும் இல்லையென்றால் எவன் யோசிப்பான்?

ஆனால் மேனேஜர் சார், அந்த எண்ணூறை நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்க்கவில்லையே! கேட்காமலே பதினோராயிரத்தை அல்லவா எடுத்துக்கொண்டீர்கள்? பி.காம். படித்தபோது காஸ்ட் அக்கவுண்டிங்கில் ‘அப்நார்மல் லாஸ்’ என்று ஒரு பாடம் உண்டு. கவனக்குறைவால் வீணான சரக்கை நல்ல சரக்கின் விலையில் ஏற்றக் கூடாது; தனியாக நஷ்டக் கணக்கில்தான் எழுத வேண்டும். உங்கள் ஊழியர் மறந்த வாஷரும் உங்கள் அட்வைசரின் மூன்று ஊகங்களும் உங்கள் நஷ்டக் கணக்கு. என் பில்லில் எப்படி வந்தன?

அடுத்த முறை நீங்கள் வண்டி விடும்போது, ஜாப் கார்டில் ‘பெல்ட் மாற்றவும்’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். ‘சத்தத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்கவும், கட்டணம் இவ்வளவு’ என்று எழுதச் சொல்லுங்கள். அந்தக் கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள். மாற்றிய பிறகும் சத்தம் நின்றதா என்று ஓட்டிப் பார்த்து, நிற்காவிட்டால் பழையதையே மாட்டிப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றும் எழுதி வாங்குங்கள். முறைப்பார்கள். முறைக்கட்டும்.

எனக்கு ‘ஹெட் ஆபீஸுக்கு ஃபார்வர்ட் பண்ணியிருக்கோம்’ என்று பதில் வந்திருக்கிறது. இன்னும் பதினைந்து நாள் பார்ப்பேன். அதற்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கழற்றிய பெல்ட், டென்ஷனர், ஐட்லர் மூன்றையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மெக்கானிக் சுற்றிப் பார்த்துவிட்டு, “மூணுமே நல்லாத்தான் சார் இருக்கு” என்றார். பில்களோடு சேர்த்து டிக்கியில் பத்திரமாக இருக்கின்றன.