கச்சேரி நடுவே கைவிடாத கருவி

கையடக்க ஒலிப்பதிவுக் கருவி வாங்கப் போகிறவரை முதலில் மயக்குவது, பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் 96, 192 கிலோஹெர்ட்ஸ் எண்கள்தான். மனிதக் காதுக்கு எட்டுவதோ அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரை. அதைப் பிடிக்க, சி.டி.க்கு வகுத்த 44.1 கிலோஹெர்ட்ஸே போதும். பேட்டரி தீர்வதாலும், கார்டு நிரம்புவதாலும், லெவல் எகிறுவதாலும், பொத்தானைச் சரியாக அழுத்தாததாலும்தான் பெரும்பாலான பதிவுகள் பாழாகின்றன. கருவியை எடைபோட வேண்டியதும் இந்த நான்கை வைத்துத்தான்.

கோயில் புறப்பாட்டில் நாதஸ்வரத்தைப் பதிவு செய்வதே கடினமான பரீட்சை. ஆலாபனை அடக்கமாகத் தொடங்கும். அதற்கேற்ப லெவலை ஏற்றி வைத்தால், தவிலின் முதல் அடியிலேயே மீட்டர் உச்சியில் முட்டும். முட்டிய இடமெல்லாம் ஒலி கரகரக்கும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுதாகச் சீர்செய்ய முடியாது. செல்போன் ஏமாற்றுவது வேறு விதம். அது லெவலைத் தானே கூட்டிக் குறைப்பதால், தவில் அதிரும்போதெல்லாம் நாதஸ்வரம் அமுங்கி அமுங்கி எழும். நடுவில் யாராவது அழைத்தால் பதிவே நின்றுபோகலாம்.

இதற்கு நல்ல மாற்று வந்திருக்கிறது. டாஸ்காம் டிஆர்-40 ஒரே நேரத்தில் இரண்டு பதிவுகள் எடுக்கும். இரண்டாவது சில டெசிபல் தாழ்வாக இருக்கும். முதலாவது கெட்டால் அது கைகொடுக்கும். 2024-ல் வந்த ஜூம் எச்1எசென்ஷியலில் லெவல் வைக்கும் வேலையே இல்லை. 32-பிட் ஃப்ளோட் முறையில் பதிவாவதால், ஒலியை வீட்டுக்கு வந்து கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். மைக்கே தாங்காத சத்தத்தை இந்த முறையாலும் காப்பாற்ற முடியாது என்பதால், தவிலுக்குச் சற்று எட்டத்தான் வைக்க வேண்டும். ஆனாலும் கூடுதல் பணம் தருவதாக இருந்தால் இந்த வசதிக்குத் தரலாம். 192 கிலோஹெர்ட்ஸுக்குத் தருவது வீண்.

பொத்தானையும் கவனிக்க வேண்டும். ஜூம் எச்4என் போன்ற கருவிகளில் சிவப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் விளக்கு சிமிட்டும், மீட்டர் ஆடும், ஹெட்போனில் சத்தமும் கேட்கும். பதிவு மட்டும் தொடங்கியிருக்காது. இரண்டாம் முறை அழுத்தி, நிமிடக் கணக்கு ஓடினால்தான் உண்டு.

கார்டுக் கணக்கு எளிது. 24-பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ என்றால் மணிக்கு ஏறத்தாழ 1 ஜி.பி.; மூன்று மணி நேரக் கச்சேரிக்கு 3 ஜி.பி.க்குச் சற்று மேல். எனவே பெரிய கார்டு தேவையில்லை, போலி அல்லாத கார்டுதான் தேவை. பேட்டரி, பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பென்சில் பேட்டரியாக இருப்பது நல்லது. உள்ளேயே பொருத்தப்பட்ட பேட்டரி சில ஆண்டுகளில் தளரும்போது, நன்றாக இருக்கும் கருவியும் சேர்ந்து முடங்கிவிடும்.

பாட்டு வகுப்பைப் பதிவு செய்பவருக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். டச்சு ஆய்வாளர் ஆர்னால்டு பேக் 1938-ல் தென்னிந்தியாவில் ஊர் ஊராகச் சென்று இசையைப் பதிவு செய்தார். 1984-ல் நசீர் ஜெய்ராஸ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளோடு அதே தடத்தில் திரும்பிச் சென்று, எது மாறியது, எது மறைந்தது என்று ஆராய்ந்தார்கள். இன்று வகுப்புக்காக எடுக்கும் பதிவு பின்னாளில் யாருக்கு எப்படிப் பயன்படும் என்று இப்போதே சொல்லிவிட முடியாது. வயதான வித்வானிடம் அதே ராகத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்கவும் முடியாது.

எனவே வாங்கிய கருவியைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் சோதித்துவிட வேண்டும். புது பேட்டரி போட்டு மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடவிட்டு, அமைதியான அறையில் தம்புராவைப் பதிவு செய்து, ஹெட்போனில் இரைச்சலைக் கவனிக்கலாம். கடைசியாக, பதிவு ஓடும்போதே பேட்டரியை உருவிவிட்டு, அதுவரை பதிவானது திறக்கிறதா என்று பார்க்கலாம். திறக்கவில்லையென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவதே சரி.