அடிக் கணக்கும் வண்டல் கணக்கும்

வீராணம் ஏரி நிரம்பினால் பேப்பரில் 47.50 அடி என்று போடுகிறார்கள். சென்னைக்குக் குடிதண்ணீர் கவலை இல்லை என்பது அடுத்த வரி. கரையில இருக்குற எங்களுக்கு அந்தக் கணக்கு போதாது. அளவுகோல் மேல்மட்டத்தைத்தான் காட்டும். கீழே எவ்வளவு வண்டல் கிடக்குன்னு அதுக்குத் தெரியுமா?

பராந்தக சோழன் காலத்து ஏரி இது. கொள்ளிடத்துத் தண்ணி கீழணையிலேர்ந்து வடவாறு வழியா வருது, வரும்போதே மண்ணையும் கொண்டு வருது. தாத்தா காலத்துல கோடையில ஏரி வத்தினதும் வண்டி பூட்டி வண்டல் அள்ளுவாங்களாம். ஏரியும் ஆழமாகும், வயலுக்கும் எரு. இப்ப யூரியாவைக் கடனுக்கு வாங்குறோம், வண்டல் ஏரியிலேயே கிடக்குது.

2004-லேர்ந்து சென்னைக்குத் தண்ணி போகுது. குடிக்கிற தண்ணியை யாரும் வேண்டாம்னு சொல்லலை. ஆனா பங்கு கேக்குற ஆள் கூடினா பாத்திரமும் ஆழமா இருக்கணும்ல?

மண் அள்ள அனுமதியைப் பங்குனிக்குள்ள கொடுங்க, அது போதும். போன வருஷம் மனு, சிட்டா, அடங்கல் எல்லாம் கொடுத்து நடையா நடந்தேன். கையெழுத்து வந்த அன்னைக்கு வடவாத்துல தண்ணியும் வந்துடுச்சு. இந்த வருஷம் தையிலேயே மனு கொடுத்திருக்கேன்.