வெந்நீர் வால்வு: குழாய் அளவு மட்டும் போதாது!

பௌர்ணமி இரவு. 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து, கால்வலியோடு உறவினர்கள் வீடு திரும்புகிறார்கள். திருவண்ணாமலை வீடுகளில் மாதாமாதம் நடப்பதுதான். “கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமாம்மா?” என்று கேட்டுவிட்டு அத்தை குளிக்கப் போகிறார். ஷவர் இதமாகக் கொட்டுகிறது. அந்த நேரம் பார்த்து சமையலறையில் யாரோ குழாயைத் திறக்க, ஷவருக்கு வரும் பச்சைத் தண்ணீர் குறைகிறது. அடுத்த நொடி, தோளில் கொதிக்கும் நீர்!

மொட்டை மாடி சோலார் ஹீட்டரில் வெயில் காலத்தில் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் தோல் வெந்துபோக சில நொடிகளே போதும். குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் இன்னும் சீக்கிரம்.

இதைத் தடுக்கத்தான் ‘தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸிங் வால்வு’ இருக்கிறது. உள்ளே சிறிய மெழுகுக் குப்பி. சூடு கூடினால் மெழுகு விரிந்து, வெந்நீர் வழியைக் குறுக்கி, பச்சைத் தண்ணீர் வழியை அகலமாக்கும். 40 டிகிரியில் வைத்துவிட்டால், வெந்நீர் அந்த இதத்திலேயே வரும்.

சரி, எந்த வால்வு வாங்குவது? ‘முக்கால் இஞ்ச் குழாய், முக்கால் இஞ்ச் வால்வு’ என்று வாங்கிவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. வெளியே ஒரே அளவாகத் தெரியும் இரண்டு வால்வுகளில் தண்ணீர் போகும் அளவு வேறாக இருக்கும். அதைச் சொல்வது, அட்டைப்பெட்டியிலோ விளக்கத்தாளிலோ இருக்கும் ‘கே.வி.’ எண். கே.வி. 1 என்றால், வால்வில் 1 பார் அழுத்தம் செலவாகும்போது மணிக்கு 1,000 லிட்டர் போகும்.

நம் வீடுகளில் அவ்வளவு அழுத்தம் கிடையாது. 10 மீட்டர் உயரத் தொட்டிதான் 1 பார் தரும். ஷவருக்கு மேல் 3 மீட்டரில் தொட்டி இருந்தால் 0.3 பார். குழாயும் ஷவரும் எடுத்துக்கொண்டது போக, வால்வுக்கு 0.1 பார் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 8 லிட்டர் வேண்டுமானால், கே.வி. சுமார் 1.5 தேவை. அதே 8 லிட்டருக்கு, வால்வில் 1 பார் கிடைக்கும் பம்ப் வீட்டில் 0.5 போதும். அந்த வால்வை இங்கே மாட்டினால் ஷவர் சொட்டும்.

‘அப்படியானால் பெரிதாகவே வாங்கிவிடலாமே?’ கூடாது. நான்கு குளியலறைக்குச் சேர்த்து ஒரே பெரிய வால்வு போட்டால், ஒருவர் மட்டும் குளிக்கும்போது அதனால் சூட்டை நிதானமாகப் பிடிக்க முடியாது. சூடும் குளிருமாக மாறி மாறி வரும். குளியலறைக்கு ஒன்று என்பதே நல்லது.

இன்னும் இரண்டு விஷயம். வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒரே தொட்டியிலிருந்து வரட்டும். ஒன்று பம்பிலும் மற்றொன்று தொட்டியிலுமாக வந்தால், அழுத்தம் அதிகமுள்ளது மற்றதைப் பின்னுக்குத் தள்ளும். ‘போர்’ தண்ணீர் என்றால், வடிகட்டியும் ‘நான்-ரிட்டர்ன்’ வால்வும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். உப்பு படிந்தால் வால்வு இறுகிவிடும்.

மாட்டி முடித்ததும், பிளம்பர் கிளம்பும் முன் ஒரு சோதனை. ஷவரைத் திறந்துவிட்டு, வால்வுக்கு வரும் பச்சைத் தண்ணீரை மட்டும் அடைக்கச் சொல்லுங்கள். சில நொடிகளில் வெந்நீரும் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லையா? அந்த வால்வை நம்பி யாரையும் குளிக்க அனுப்பாதீர்கள். வருடம் ஒருமுறை, கார்த்திகை தீபத்துக்கு விருந்தினர் வரும் முன், இதே சோதனையைத் திரும்பச் செய்துவிடுங்கள்.