கார் வந்தது, சட்டம் வரவில்லை

திருப்பதி அடிவாரத்தில் உள்ள அலிபிரி சோதனைச் சாவடியைக் கடந்து திருமலைக்கு ஏறும் வண்டிகளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏறுவதற்குக் குறைந்தது 28 நிமிடம், இறங்குவதற்குக் குறைந்தது 40 நிமிடம் ஆக வேண்டும். ஒரு முனையில் நேரம் குறிக்கப்படுகிறது, மறுமுனையில் சரிபார்க்கப்படுகிறது. அதற்கு முன்னதாக வந்து நிற்பவர் அபராதம் கட்ட வேண்டும். 1974இல் திறக்கப்பட்ட இரண்டாவது மலைப்பாதையில் ஏற்றம். 1944இல் திறக்கப்பட்ட முதல் பாதையில் இறக்கம். பாலசமுத்திரம் போன்ற சிற்றூர்களிலிருந்து நேர்த்திக்கடனுக்காக ஊரையே அடைத்துக்கொண்டு வரும் வாடகை வேனுக்கும், கோடி ரூபாய்க்கு மேல் விலைபெறும் போர்ஷே காருக்கும் அதே 28 நிமிடம்தான். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் செல்லவல்ல எஞ்சின் கொண்டைஊசி வளைவுகளில் வேனின் பின்னால் பொறுமையாக ஊர்கிறது. அந்தக் காரின் உரிமையாளர் இதற்காக நீதிமன்றம் சென்றதாகவோ, தனிமனிதச் சுதந்திரம் பறிபோனதாக அறிக்கை விட்டதாகவோ செய்தி இல்லை.

மலையை விட்டு இறங்கியதும் கதை மாறிவிடுகிறது.

சென்னையிலும் பெங்களூருவிலும் ஜெர்மன் கார் ஆர்வலர்கள் பெருகி வருகின்றனர். ஞாயிறு விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போர்ஷே, பி.எம்.டபிள்யூ., ஆடி, மெர்சிடிஸ் கார்கள் அணியணியாகச் செல்வதைக் கோவளத்து மீனவர்களும் பால்காரர்களும் பார்த்துப் பழகிவிட்டனர். இந்த இன்பத்தைப் பழிப்பது எளிது. இடதுசாரி ஏடுகளில் அது பலமுறை செய்யப்பட்டும் இருக்கிறது. ஆனால் அது பிழையான வாதம். நன்கு செய்யப்பட்ட ஓர் இயந்திரம் கைக்கு இசைந்து நடப்பதில் மனிதன் அடையும் மகிழ்ச்சி முதலாளித்துவத்தின் கண்டுபிடிப்பன்று. லேத் பட்டறைத் தொழிலாளிக்கும், தன் லாரியின் எஞ்சின் ஓசையைக் கேட்டே கோளாறைச் சொல்லும் ஓட்டுநருக்கும் அந்த மகிழ்ச்சி தெரியும். போர்ஷே 911 காரை எடுத்துக்கொண்டால், 1963இல் பிராங்பர்ட் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட அந்த வடிவம் அறுபதாண்டுகளுக்குப் பிறகும் தொலைவிலிருந்தே அடையாளம் தெரிகிறது. எஞ்சினைப் பின்சக்கரங்களுக்கும் பின்னால் வைப்பது பொறியியல் கணக்கின்படி வம்பான ஏற்பாடு. அந்த வம்பைத் தலைமுறை தலைமுறையாகச் செப்பனிட்டு அழகாக்கியவர்கள் ஸ்டுட்கார்ட் நகரின் சுபென்ஹாசன் ஆலைத் தொழிலாளர்களும் பொறியாளர்களும். ஆர்வலர் கொண்டாடுவது, அவர் அறிந்தாலும் அறியாவிட்டாலும், அவர்களுடைய உழைப்பைத்தான்.

அந்த உழைப்புக்கு அங்கே கிடைக்கும் மரியாதையும் வரலாற்றில் போராடிப் பெற்றது. ஜெர்மன் உலோகத் தொழிலாளர் சங்கமான ஐ.ஜி.மெட்டால் 1984 வேலைநிறுத்தத்தில் தொடங்கி 1995இல் 35 மணி நேர வாரத்தை முழுமையாக வென்றெடுத்தது. இன்று அந்த வெற்றியும் அரிக்கப்படுகிறது. 2030க்குள் 35,000க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைக்க வோல்க்ஸ்வாகன் நிறுவனம் 2024 டிசம்பரில் சங்கத்துடன் உடன்பாடு கண்டது. பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் பங்குகளில் ஏறத்தாழப் பாதி இன்றும் குவாண்ட் குடும்பத்து வாரிசுகள் இருவர் கையில் இருக்கிறது. நாஜி ஆட்சியில் கட்டாய உழைப்பாளிகளைக் கொண்டு ஆலை நடத்திய குடும்பம் அது. விளம்பரங்களில் வரும் ‘ஜெர்மன் பொறியியல்’ என்ற சொல்லுக்குள் இத்தனையும் அடங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த ஆர்வத்திற்கு ஒரு பெயர் உண்டு. நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷே 911 கார்களுக்கான பிரிவில் மூன்றாமிடம் பெற்றது. சில நாட்களுக்கு முன் பயிற்சியின்போது அவர் ஓட்டிய கார் தடுப்பில் மோதிச் சுழன்று நொறுங்கியது. அவர் காயமின்றி நடந்து வந்தார். அந்தக் காட்சியை லட்சக்கணக்கானோர் கைப்பேசியில் பார்த்தனர். பார்த்தவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் அத்தகைய காரில் ஏறி அமரப் போகாத இளைஞர்கள். அவர்களுடைய உற்சாகத்தில் இழிவு எதுவுமில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த விபத்தில் வேறெவரும் சாகவில்லை. பந்தயத் தடம் என்பது வேகத்திற்காகவே வேலியிடப்பட்ட இடம். அங்கே நடைபாதையில் உறங்குபவர் இல்லை. பணிமுடிந்து இருசக்கர வாகனத்தில் வீடு திரும்புபவர் இல்லை. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் அத்தகைய தடங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. வேகத்தை விரும்புவோர்க்குப் போக்கிடம் இல்லை என்ற வாதம் இங்கு எடுபடாது.

பொதுச்சாலையில் என்ன நடக்கிறது? 2024 மே 19 அதிகாலையில் புணே நகரின் கல்யாணி நகர்ப் பகுதியில் ஒரு போர்ஷே கார் மோதி, பைக்கில் சென்ற இரண்டு இளம் மென்பொருள் ஊழியர்கள் உயிரிழந்தனர். காரை ஓட்டியதாக வழக்குப் பதியப்பட்டவர் 17 வயதுச் சிறுவர். கட்டுமானத் தொழிலதிபரின் மகன். சில மணி நேரத்தில் ஜாமீன் கிடைத்தது. சாலை விபத்துகள் பற்றி 300 சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது நிபந்தனைகளுள் ஒன்று. ரத்த மாதிரியை மாற்றியதாக அரசு மருத்துவர்கள் கைதாகினர். நாடே கொதித்த பிறகுதான் வழக்கு வழக்காக நடத்தப்பட்டது. அதில் அதிகம் பேசப்படாத ஒரு விவரம் உண்டு. கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அந்தக் காருக்கு நிரந்தரப் பதிவே இல்லை. மின்சாரக் கார் என்பதால் சாலை வரியும் இல்லை. கட்ட வேண்டியிருந்தது வெறும் 1,758 ரூபாய்க் கட்டணம். அதைக் கட்டாமலேயே வண்டி மாதக்கணக்கில் நகருக்குள் ஓடியது. ஹெல்மெட் இல்லாத கட்டடத் தொழிலாளியை மறித்து அபராதம் கேட்கும் அதே நகரக் காவல்துறையின் கண்முன்னால்.

அதற்கு அடுத்த மாதம் சென்னை பெசன்ட் நகரில், நடைபாதையில் உறங்கிய பெயிண்டர் ஒருவர் பி.எம்.டபிள்யூ. ஏறி இறந்தார். கார் ஆந்திராவைச் சேர்ந்த மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரின் குடும்பத்துடையது. காவல் நிலையத்திலேயே ஜாமீன் வழங்கப்பட்டது. இன்னும் பின்னோக்கிச் சென்றால் 1999 ஜனவரியில் டெல்லி லோதி காலனியில் மூன்று காவலர்கள் உட்பட ஆறு பேரைக் கொன்ற பி.எம்.டபிள்யூ. நினைவுக்கு வரும். ஓட்டியவர் முன்னாள் கடற்படைத் தளபதியின் பேரன். அவர் செய்தது கவனக்குறைவு மட்டுமல்ல, கொலைக்கு ஈடாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று சொல்ல உச்சநீதிமன்றத்திற்கு 2012 ஆகஸ்டு வரை ஆயிற்று. அப்போதும் அவர் ஏற்கெனவே சிறையில் கழித்த காலமே தண்டனைக்குப் போதும் என்று ஏற்கப்பட்டது. கூடுதலாக 50 லட்சம் ரூபாயும் இரண்டாண்டுச் சமூக சேவையும் விதிக்கப்பட்டன.

இந்தக் கார்கள் எந்த நாட்டிலிருந்து வந்தனவோ அந்த நாட்டுச் சட்டத்தை இங்கே எடுத்துப் பார்ப்பது தகும். 2016 பிப்ரவரி 1 அன்று நள்ளிரவில் பெர்லினின் குர்ஃபுர்ஸ்டென்டாம் வீதியில் ஆடி, மெர்சிடிஸ் கார்களில் இரண்டு இளைஞர்கள் தமக்குள் பந்தயம் வைத்துக்கொண்டு, சிவப்பு விளக்குகளைக் கடந்து மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பறந்தனர். பச்சை விளக்கு விழுந்து குறுக்கே வந்த 69 வயது முதியவரின் வண்டி மீது ஒரு கார் மோதியது, அவர் இறந்தார். பெர்லின் நீதிமன்றம் 2017இல் அதைக் கொலை என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு ரத்தாகி, மறுவிசாரணை நடந்து, மோதிய காரை ஓட்டியவர் மீதான கொலைத் தீர்ப்பையும் ஆயுள் தண்டனையையும் 2020 ஜூனில் ஜெர்மன் கூட்டாட்சி உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவதே குற்றம் என 2017இலேயே அங்கே தனிப்பிரிவு சேர்க்கப்பட்டுவிட்டது.

‘ஆட்டோபான் சாலையில் வேக வரம்பே இல்லை’ என்பது இங்குள்ள ஆர்வலர்கள் தவறாமல் சொல்லும் செய்தி. உண்மைதான், ஆட்டோபானின் பெரும்பகுதியில் பொதுவான வரம்பு இல்லை. ஆனால் ஊருக்குள் நுழைந்ததும் 50, குடியிருப்புத் தெருக்களில் பல இடங்களில் 30. அதை மீறினால் யாருடைய மகன் என்று கேமரா கேட்பதில்லை. இந்திய மேட்டுக்குடி ஜெர்மனியிலிருந்து காரை இறக்குமதி செய்தது. அந்த 30ஐயும் 50ஐயும் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வந்தது.

இங்கே கடுமையான சட்டம் இல்லாமல் போகவில்லை. அது யாரை நோக்கித் தீட்டப்படுகிறது என்பதே கேள்வி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, விபத்துக்குப் பின் தகவல் தராமல் தப்பிச் செல்பவருக்குப் பத்தாண்டு வரை சிறை என்றது. 2024 ஜனவரி முதல் வாரத்தில் நாடு முழுவதும் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதுதான் ஒன்றிய அரசு அதை நிறுத்திவைத்தது. விபத்து நடந்த இடத்தில் நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்ற அச்சத்தில் ஓடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு. வழக்கறிஞர் படையோடு வந்து நிற்பவருக்கு 300 சொல் கட்டுரை.

சாலை அமைப்பும் இதே கணக்கில்தான் போகிறது. ஏறத்தாழ 262 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை – பெங்களூரு விரைவுச்சாலைக்குப் பிரதமர் 2022 மே 26 அன்று சென்னையில் அடிக்கல் நாட்டினார். வி.கோட்டா, பலமனேர், பங்காருபாளையம், குடிபாலா என அது சித்தூர் மாவட்டத்தை ஊடறுத்துச் செல்கிறது. மணிக்கு 120 கிலோமீட்டருக்கென்று வடிவமைக்கப்பட்ட, வேலியிடப்பட்ட சாலை. கர்நாடகப் பகுதி திறக்கப்பட்டதுமே ஆர்வலர்கள் தங்கள் கார்களைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டனர். இத்தகைய சாலைகளில் யாருக்கு இடமில்லை என்பதைப் பெங்களூரு – மைசூரு சாலை காட்டிவிட்டது: 2023 ஆகஸ்டு 1 முதல் அங்கே இருசக்கர வாகனம், ஆட்டோ, டிராக்டர் செல்லத் தடை. அதிவேகச் சாலையில் அவை செல்வது ஆபத்து என்பது சரியான காரணமே. ஆனால் அவற்றுக்குரிய இணைச்சாலை தொடர்ச்சியாக இல்லாவிட்டால், நிலத்தைக் கொடுத்த விவசாயி தன் தோட்டத்தின் மறுபாதிக்குச் சுற்றிப்போக வேண்டும். 2025 கோடையில் தோத்தாபுரி மாம்பழத்தின் விலை வீழ்ந்து, கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய், மாநில அரசு மானியம் 4 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டு, அந்த எட்டும் ஒழுங்காகக் கிடைக்காமல் விவசாயிகள் பழத்தைச் சாலையோரத்தில் கொட்டிய மாவட்டம் இது. பங்காருபாளையம் சந்தைக்கு டிராக்டரில் பழம் ஏற்றிச் செல்பவருக்கு 120 கிலோமீட்டர் வேகம் தேவையில்லை. சந்தைக்குப் போக ஒரு வழி தேவை.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்கிறது ஒன்றிய அரசின் அறிக்கை. அவர்களில் இருசக்கர வாகனத்தில் சென்றோர் ஏறத்தாழ 75,000. நடந்து சென்றோர் ஏறத்தாழ 33,000. மூவரில் இருவர் என்று கொள்ளலாம். ஜெர்மன் சொகுசுக் கார்கள் கொன்றவர்கள் இதில் ஒரு துளிதான். நேர்மையாக இதைச் சொல்லியாக வேண்டும். நாட்டில் விற்கும் நூறு கார்களில் ஒன்றே சொகுசுக் கார். ஆனால் அந்த ஒன்றுக்காக வரிக்கொள்கை எப்படி வளைகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கான வரி, ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 45 முதல் 50 விழுக்காடு வரை இருந்தது, 40 விழுக்காடாகக் குறைந்தது. ஜெர்மன் நிறுவனங்கள் லட்சக்கணக்கில் விலைக்குறைப்பு அறிவித்தன. மின்சாரக் கார் என்றால் விலை எதுவாயினும் 5 விழுக்காடே. புணே அருகே சாக்கனில் 2022 முதல் பூட்டப்படும் ஒன்றரைக் கோடி ரூபாய் மெர்சிடிஸ் இ.க்யூ.எஸ். காருக்கு 5 விழுக்காடு. ஸ்ரீசிட்டித் தொழிலாளி வேலைக்குப் போக வாங்கும் பெட்ரோல் பைக்குக்கு 18 விழுக்காடு. ஐரோப்பிய ஒன்றியத்துடன் 2026 ஜனவரியில் முடிந்த வணிகப் பேச்சுவார்த்தையின்படி, அங்கிருந்து வரும் கார்களுக்கான 110 விழுக்காட்டுச் சுங்கவரி ஆண்டுக்கு இத்தனை கார்கள் என்ற வரம்புக்குள் படிப்படியாக 10 விழுக்காடு வரை இறங்கப் போகிறது. சட்டம் ஜெர்மனிக்கு நிகராக வர இன்னும் எவ்வளவு காலம் ஆகும் என்று அந்தப் பேச்சுவார்த்தையில் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேட்பதற்குப் பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. அலிபிரியில் நடப்பது ஒரு கழித்தல் கணக்கு: இங்கே புறப்பட்ட நேரம், அங்கே சேர்ந்த நேரம். தேசிய நெடுஞ்சாலைகளில் 2021 பிப்ரவரி முதல் எல்லா நான்கு சக்கர வண்டிக்கும் ஃபாஸ்டேக் கட்டாயம். ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் வண்டி எண்ணும் நேரமும் நொடிப்பிசகாமல் பதிவாகின்றன. இரண்டு சாவடிகளுக்கு இடைப்பட்ட தொலைவும் தெரிந்ததே. யார் 120 வேகத்தில் வந்தார், யார் 190 வேகத்தில் வந்தார் என்பதைக் கண்டறிய அந்த இரண்டு எண்கள் போதும். கட்டணம் பிடிக்க அவை உடனடியாகப் பயன்படுத்தப்படுகின்றன. திருமலை அடிவாரத்தில் ஓர் ஊழியர் சீட்டைப் பார்த்துச் செய்யும் அந்தக் கழித்தலை மட்டும் சித்தூர் நெடுஞ்சாலையின் கணினிகள் இதுவரை செய்வதில்லை.