ஜொத்தோவை ‘முன்னோடி’ என்று சொல்லி முடித்துவிடலாமா?

‘மறுமலர்ச்சியின் முன்னோடி.’ இத்தாலிய ஓவியர் ஜொத்தோவைப் பற்றி எங்கட நோட்ஸில் இருப்பது அநேகமாக இந்த ஒரு வரிதான். பரீட்சைக்கு அது காணும். ஆனால் இந்தப் புகழ்ச்சியே அவருடைய ஓவியங்களைப் பார்க்கவிடாமல் எங்களைத் தடுக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். முன்னோடி என்றால், பின்னால் வருபவர்களுக்குக் கதவு திறந்துவிட்டவர். மசாச்சோவும் மிக்கேலாஞ்சலோவும் உள்ளே போன பிறகு, கதவு திறந்தவரை ஆர் தேடப்போகினம்?

முதலில் படத்தைப் பார்ப்போம். பாதுவா நகரில் ஸ்குரோவெஞ்ஞி சிற்றாலயம் இருக்கிறது. 1305ஆம் ஆண்டளவில் ஜொத்தோ அதன் சுவர்களை மரியாளின் கதையாலும் இயேசுவின் கதையாலும் நிரப்பினார். சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வரையவேண்டிய வேலை. ஒரு நாளில் எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவு இடத்துக்குத்தான் பூச்சும் பூசுவார்கள்.

அங்கே இயேசுவின் உடலைச் சுற்றி எல்லாரும் அழும் காட்சியைப் பாருங்கோ. தாய் மகனை அணைத்து, முகத்தோடு முகம் வைத்துக் குனிந்திருக்கிறாள். யோவான் இரண்டு கைகளையும் பின்னுக்கு வீசியபடி நிற்கிறார். வானத்தில் சம்மனசுகள் கதறுகின்றன. சரிந்து இறங்கும் பாறை விளிம்பு ஒன்று எங்கட கண்ணை அந்தத் தாயிடமும் மகனிடமும் கொண்டுபோய் விடுகிறது.

எங்களை மறித்து நிறுத்துவது முன்னால் குந்தியிருக்கும் இரண்டு பேர்தான். முகமே தெரியாது, போர்வை மூடிய கனத்த முதுகுகள் மட்டும். ஒருவர் இயேசுவின் தலையைத் தாங்கியிருக்கிறார். தங்கப் பின்னணியில் புனிதர்கள் எங்களை நேரே பார்த்து நிற்பது வழக்கமாக இருந்த காலம் அது. இந்த இரண்டு பேருக்கும் எங்களைப் பார்க்க நேரமில்லை, அவர்கள் அழுகினம். அவர்களுக்குப் பின்னால், அந்தச் செத்தவீட்டுக்கு வந்த இன்னொரு ஆளாக நாங்களும் நிற்கிறோம்.

“அவருடைய கட்டிடங்கள் பொம்மை வீடு மாதிரி, தூரமும் அளவும் பொருந்தவில்லை” என்று சிலர் சொல்லுவினம். உண்மைதான். தூரக்காட்சியைக் கணக்காக வரையும் முறை இத்தாலியில் வந்தது 15ஆம் நூற்றாண்டில். ஆனால் அந்தக் கணக்குத் தெரிந்து வரைந்த எல்லாப் படங்களும் இந்தத் துக்கத்தைத் தாண்டிவிட்டனவா?

சிமாபுவேயில் தொடங்கி, ஜொத்தோ வழியாக மிக்கேலாஞ்சலோவில் உச்சம் தொடும் ஏணியாக ஓவிய வரலாற்றை எழுதியவர் வசாரி. அவருடைய நூல் 1550இல் வந்தது. எங்கட நோட்ஸ் இன்னும் அந்த ஏணியில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஏணியின் உச்சியில் வைக்கப்பட்ட மிக்கேலாஞ்சலோ என்ன செய்தார்? ஜொத்தோ 1337இல் இறந்து ஏறத்தாழ 150 வருசம் கழித்து, புளோரன்ஸின் சாந்தா குரோச்சே ஆலயத்தில் அவர் வரைந்திருந்த இரண்டு உருவங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகினார். அந்தத் தாள் இன்று லூவரில் இருக்கிறது. உடையின் மடிப்புக்குள்ளே ஒரு உடலின் பாரம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, அவருக்கும் ஜொத்தோவிடம்தான் போகவேண்டி இருந்தது.

இனிமேல் ‘முன்னோடி’ என்று எழுதமுதல், அந்த இரண்டு முதுகுகளையும் போனில் பெருப்பிச்சு ஒருக்காப் பாருங்கோ. பிறகு என்னத்தை எழுதுவது என்று நீங்களே முடிவெடுங்கோ.